மாசமாக இருக்கையில் வலி மாத்திரை

கர்ப்ப காலத்தில் வலிக்கும் காய்ச்சலுக்கும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கக்கூடிய மாத்திரைகளில், முதலில் நினைக்க வேண்டியது பாராசிட்டமால். தேவைப்படும்போது, சரியான அளவில், முடிந்தவரை குறைந்த நாட்களுக்கு அதைச் சாப்பிடலாம். முதல் மாதமானாலும் ஒன்பதாம் மாதமானாலும் இதுவே விதி. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட், நாப்ராக்சன், வலிக்கான அளவில் ஆஸ்பிரின் ஆகியவை வேறொரு குடும்பம். மருத்துவர் சொல்லாமல் கர்ப்பிணி அவற்றைத் தொடக்கூடாது. ஐந்தாம் மாதத்திலிருந்து அவை வயிற்றிலிருக்கும் சிசுவின் சிறுநீரகத்தையும், இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடியவை. மருத்துவம் சொல்வது இவ்வளவு எளிமையானதுதான். ஆனால் செட்டிநாட்டின் ஆத்தங்குடி போன்ற ஓர் ஊரில் இந்த இரண்டு குடும்பமும் ஒரே கடையில், ஒரே காகிதப் பொட்டலத்தில், சில நேரம் ஒரே மாத்திரைக்குள்ளேயே கலந்து வருகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வலி இல்லாத கர்ப்பம் அரிது. தசைநார்களைத் தளர்த்தும் ஹார்மோன்கள் ஒரு பக்கம், முன்னால் சாயும் உடல் எடை ஒரு பக்கம் என இடுப்பும் முதுகும் மாதம் ஏற ஏறக் கனக்கும். தலைவலி, பல்வலி, கால் குடைச்சல், சளிக் காய்ச்சலின் உடம்புவலி எல்லாம் இதோடு சேரும். ஆத்தங்குடியின் பெயரை வெளியூர் அறியச் செய்த தரைக்கல் தொழிலில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பது முழுக்கக் கைவேலை. பெரிய வீடுகளின் வளவைக் கூட்டித் துடைப்பதும் அப்படித்தான். குனிந்து நிமிரும் வேலை செய்யும் பெண்ணிடம் மாசமாக இருக்கும்போது ஓய்வெடு என்று சொல்வது எளிது. கூலி போகும் என்பதால் அவள் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்பதுதான் நடைமுறை. ஆகவே எந்த மாத்திரை என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எதையும் சாப்பிடாதே என்ற அறிவுரை அவளுக்கு உதவாது.

இந்தியாவில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கும் மருந்துகளுக்கென்று தனியான சட்டப் பிரிவு கிடையாது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் அட்டவணை எச் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உள்ளவற்றைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டைப் பார்த்துத்தான் விற்க வேண்டும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட், நாப்ராக்சன், நிமுசுலைட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அட்டவணை கே என்று இன்னொன்று உண்டு. மக்கள்தொகை ஆயிரத்துக்கு மிகாத கிராமங்களில், உரிமம் இல்லாத கடையிலும் பிரிக்காத உறையில் விற்கலாம் என்று அது அனுமதிக்கும் வீட்டு மருந்துகளில் பாராசிட்டமால் இருக்கிறது, தைலங்கள் இருக்கின்றன, ஆஸ்பிரினும் இருக்கிறது. ஆஸ்பிரின் மளிகைக்கடையில் கிடைக்கலாம் என்பதற்குக் கர்ப்பிணிக்கு அது ஏற்றது என்று பொருளில்லை. எளிதில் கிடைப்பது வேறு, கர்ப்பத்துக்குப் பாதுகாப்பானது வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டம் சொல்லித்தருவதில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, பழக்கம் வேறு பக்கம் போகிறது. “இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று கேட்டால் போதும். சீட்டு கேட்காமல் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடும் கடைகள் ஏராளம். காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வயிற்றுப் புண் வராமலிருக்க ஒன்று என ஒரு ‘செட்’ கட்டிக் கொடுப்பதும் உண்டு. கத்தரித்த துண்டில் பல நேரம் மருந்தின் பெயர் இருக்காது. வாங்க வருவதும் பெரும்பாலும் கர்ப்பிணி இல்லை. கணவரோ மாமியாரோ பக்கத்து வீட்டுப் பையனோ வருகிறார்கள். யாருக்கு வாங்குகிறார்கள், எத்தனை மாதம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. வாங்குபவருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. “மாசமா இருக்கிற பொண்ணுக்கு, ஆறாம் மாசம்” என்ற ஒரு வாக்கியமும், பெயர் தெரியும்படி முழு அட்டையாகவோ பெயருள்ள துண்டாகவோ கேட்டு வாங்குவதும் இந்த ஆபத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படிப்பது அதற்கு அடுத்த படி. குரோசின், கால்பால், மெட்டாசின், டோலோ 650 ஆகிய பெயர்களில் பழகிப்போன சாதாரண மாத்திரையில் இருப்பது பாராசிட்டமால் மட்டும். காம்பிஃபிளாமில் 400 மில்லிகிராம் இபுப்ரோஃபெனும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கின்றன. ஜீரோடால்-பி என்பது அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும். வோவெரான் டைக்ளோஃபெனாக். டிஸ்பிரின் ஆஸ்பிரின். சாரிடானில் பாராசிட்டமாலோடு புரோபிஃபெனசோனும் காஃபினும் உண்டு. “பாராசிட்டமால் இருக்கிற மாத்திரைதான்” என்று கடையில் சொல்லும்போது அது பொய்யாக இருக்காது. கூட வேறென்ன இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மாதவிடாய் வலிக்கு இளம்பெண்கள் பழகிப்போன மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபெனாமிக் ஆசிடும் டைசைக்ளோமினும் இருக்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் தொகுப்பு ஆணையம் மெஃபெனாமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. தோல் தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்புப் பாதிப்பு எல்லாம் சேர்ந்து வரும் அரிய ஒவ்வாமை ஒன்றைப் பற்றியது அது. கர்ப்பத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஒரு மாத்திரை சாதாரண மிட்டாய் இல்லை என்று அது நினைவூட்டியது. நாள் தள்ளிப்போயிருக்கும்போது வரும் அடிவயிற்று வலியை மாதவிலக்கு வரப்போகும் அறிகுறி என்று எண்ணி இதைப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. நாள் தள்ளியிருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகு மாத்திரை என்ற வரிசையே பாதுகாப்பானது.

மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. வாசோகிரெயின் போன்ற மாத்திரைகளில் எர்காட்டமின் இருக்கிறது. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும், கருப்பையையும் சுருங்கச் செய்யும். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் அதற்கு இடமில்லை. பல வருடங்களாக அதை நம்பியிருக்கும் பெண், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்க வேண்டும்.

இபுப்ரோஃபென் குடும்பம் ஏன் கர்ப்பத்தோடு ஒத்துப்போவதில்லை என்பதற்கான விளக்கம் 1971இல் கிடைத்தது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள் உருவாவதைத் தடுக்கின்றன என்று ஆங்கிலேய மருந்தியலாளர் ஜான் வேன் கண்டறிந்தார். அதற்காக 1982இல் அவருக்கும் ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் ஆகியோருக்கும் நோபல் பரிசு சேர்த்து வழங்கப்பட்டது. வலியும் வீக்கமும் உண்டாவதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்குண்டு. அதைத் தடுத்தால் வலி குறையும். ஆனால் சிசுவின் உடலில் அதே பொருள் உயிர் காக்கும் வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது.

முதல் வேலை இதயத்தருகே. வயிற்றிலிருக்கும் சிசு மூச்சுவிடுவதில்லை. அதற்கான பிராணவாயு நஞ்சுக்கொடி வழியே தாயிடமிருந்து வருகிறது. எனவே நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தின் பெரும்பகுதி ஒரு சிறு இணைப்புக் குழாய் வழியாக நேரே உடலுக்குப் போய்விடும். ஊருக்குள் நுழையாமல் விலகிப்போகும் புறவழிச்சாலை மாதிரி. குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்த பிறகு, சில நாட்களுக்குள் அந்தக் குழாய் தானாக மூடிக்கொள்ளும். அதுவரை அதைத் திறந்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரும் பங்கு. கடைசி மூன்று மாதங்களில் தாய் டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ சாப்பிட்டால், வயிற்றுக்குள்ளேயே அந்தக் குழாய் சுருங்கத் தொடங்கலாம். அப்போது நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். பிறந்ததும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம்.

இரண்டாவது வேலை சிறுநீரகத்தில். கர்ப்பத்தின் பாதியைத் தாண்டியபின் பனிக்குட நீரின் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரே. புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் சிசுவின் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், சிறுநீர் குறையும், நீர் வற்றும். நீர் வற்றினால் நுரையீரல் வளர்ச்சியும் கைகால் அசைவும் பாதிக்கப்படும். பல நாட்கள் மருந்து சாப்பிட்டவர்களிடமே இது அதிகம் காணப்பட்டது என்றாலும், சிலரிடம் இரண்டே நாளில் நிகழ்ந்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நீர் மறுபடி ஊறிவிடும் என்பது ஆறுதல். ‘நீர் கம்மியா இருக்கு’ என்று ஸ்கேனில் சொல்லக் கேட்டு வருந்தும் பெண்கள் இளநீரும் மோரும் குடிக்கிறார்கள். இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்கேன் எடுப்பவரிடம் அதையும் சொன்னால் காரணம் தேடுவது சுலபமாகும்.

முன்பெல்லாம் முப்பதாவது வாரத்துக்குப் பிறகு இந்த மருந்துகள் வேண்டாம் என்பதே பொது எச்சரிக்கை. 2020 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த எல்லையை இருபதாவது வாரத்துக்கு முன்தள்ளியது. காரணம், மேலே சொன்ன சிறுநீரகப் பாதிப்பு. இருபதிலிருந்து முப்பது வாரத்துக்குள் தவிர்க்கவே முடியாத நிலையில் மருத்துவர் கொடுத்தால் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு. இரண்டு நாளைத் தாண்டினால் ஸ்கேனில் நீர் அளவு பார்ப்பது நல்லது என்றும் அது சொன்னது. 2022இல் ஐரோப்பிய மருந்து அமைப்பும், 2023இல் பிரிட்டன் மருந்து அமைப்பும் இருபதாம் வாரத்தையே எல்லையாக எடுத்துக்கொண்டன. நம் ஊரில் வாரக் கணக்கு வைத்துக்கொள்பவர்கள் குறைவு. ஆனால் ‘அஞ்சாம் மாச ஸ்கேன்’ எல்லாருக்கும் நினைவிருக்கும். சிசுவின் உறுப்புகளைப் பார்க்கும் அந்த ஸ்கேன் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபது வாரத்துக்குள் நடக்கும். அது முடிந்ததென்றால் எல்லைக்கோடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் முதல் நாலு மாதம் சாப்பிடலாமா என்றால், அதற்கும் பதில் வேண்டாம் என்பதே. கரு ஒட்டிக்கொள்ளும் கட்டத்தில் இவை குறுக்கிடலாம் என்ற ஐயம் உண்டு. கருச்சிதைவோடு தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகளும், இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. பாராசிட்டமால் என்ற மாற்று கையில் இருக்கும்போது சந்தேகத்துக்குரிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை. அதே வேளையில், கர்ப்பம் என்று தெரியாமல் ஒன்றிரண்டு காம்பிஃபிளாம் சாப்பிட்டுவிட்ட பெண் பயந்து நடுங்க வேண்டியதும் இல்லை. ஒரு வேளை, இரண்டு வேளை மாத்திரையால் குழந்தைக்கு ஊனம் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதற்காகக் கருவைக் கலைப்பது பற்றி யோசிப்பது பெருந்தவறு. நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொன்னால் போதும். இருபதாம் வாரத்துக்குப் பிறகு பல நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் மட்டும், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஆஸ்பிரினில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வர வாய்ப்புள்ள பெண்களுக்கு, பெரும்பாலும் நாலாம் மாதத்துக்கு முன்பிருந்தே, 75 முதல் 150 மில்லிகிராம் வரை ஆஸ்பிரினை மருத்துவர்கள் தினமும் இரவில் சாப்பிடச் சொல்கிறார்கள். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 150 மில்லிகிராம் கொடுத்தபோது, குறைமாதத்திலேயே வரும் ரத்தக்கொதிப்புச் சிக்கல் 62 சதவீதம் குறைந்தது. வலிக்காக டிஸ்பிரின் சாப்பிடுவது வேறு, மருத்துவர் எழுதிய எக்கோஸ்பிரின் 75ஐச் சாப்பிடுவது வேறு. “ஆஸ்பிரின் ஆகாது” என்று எங்கோ கேட்டுவிட்டு இந்தச் சிறு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடும் பெண்கள் தமக்குப் பெரும் ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

இனி பாராசிட்டமால். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமிலிருந்து ஒரு கிராம் வரை, வேளைக்கு வேளை நாலிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, இருபத்துநாலு மணி நேரத்தில் நாலு கிராமுக்கு மேல் கூடவே கூடாது என்பது வயது வந்தவர்களுக்கான பொது அளவு. ஐம்பது கிலோவுக்குக் குறைந்த உடம்புக்கு இது அதிகம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு வேளைக்கு ஒரு 650 மாத்திரையே நிறைவான அளவு. நாளைக்கு நாலு மாத்திரை என்ற எல்லையைத் தாண்ட வேண்டாம். கல்லீரல் நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. அளவு மீறுவது பெரும்பாலும் தெரியாமல்தான் நடக்கிறது: காய்ச்சலுக்கு டோலோ, சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை, உடம்புவலிக்குக் கடைக்காரர் கொடுத்த செட். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அதிகமாகிப்போனால் முதல் நாள் எந்தத் தொந்தரவும் தெரியாது. கல்லீரல் அதற்குள் சிதையத் தொடங்கியிருக்கும். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு தாண்டியது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், கர்ப்பிணிகள் டைலினால் சாப்பிட வேண்டாம், அது குழந்தைகளின் ஆட்டிசத்தோடு தொடர்புடையது என்று அறிவித்தார். டைலினால் என்ற பெயர் இங்கே பழக்கமில்லை; ஆனால் அது பாராசிட்டமால்தான் என்ற செய்தி சில மணி நேரத்தில் வாட்ஸ்அப் வழியே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் ஐரோப்பிய மருந்து அமைப்பும் அடுத்த இரண்டு நாளுக்குள் மறுத்தன: ஆட்டிசத்துக்கு பாராசிட்டமால் காரணம் என்று காட்டும் உறுதியான சான்று இல்லை, தேவைப்படும்போது கர்ப்பிணிகள் அதைப் பயன்படுத்தலாம்.

இந்தச் சந்தேகம் வெறும் காற்றில் பிறக்கவும் இல்லை. சில ஆய்வுகள் நெடுநாள் பாராசிட்டமால் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் கவனக்குறைவும் ஆட்டிசமும் சற்றே அதிகம் என்று கண்டிருந்தன. 2021இல் 91 அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை, எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள், தேவையில்லாமல் சாப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. இத்தகைய ஆய்வுகளில் உள்ள இடர்ப்பாடு, மாத்திரை சாப்பிட்ட தாயும் சாப்பிடாத தாயும் மற்ற எல்லா வகையிலும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பது. மாத்திரை சாப்பிட்டவளுக்குக் காய்ச்சல் இருந்தது, தொற்று இருந்தது, ஒற்றைத் தலைவலி இருந்தது. குடும்ப மரபும் வேறு. பாதிப்புக்குக் காரணம் மாத்திரையா, அதைச் சாப்பிட வைத்த நோயா என்று பிரிக்க வேண்டும்.

ஸ்வீடனில் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். 1995 முதல் 2019 வரை அங்கே பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வு 2024 ஏப்ரலில் வெளியானது. எல்லாக் குழந்தைகளையும் பொதுவாக ஒப்பிட்டபோது சிறு வித்தியாசம் தெரிந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளில், ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமால் சாப்பிட்டு மற்றதில் சாப்பிடாதவர்களை ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. தாய் ஒருத்தி, குடும்பம் ஒன்று, மரபும் பெரும்பாலும் ஒன்று. மாத்திரை மட்டும் மாறியது, விளைவு மாறவில்லை. இன்றைக்குக் கையிலிருக்கும் சான்றுகளில் எடை மிகுந்தது இதுவே. ஆட்டிசமுள்ள குழந்தையின் தாயிடம் “நீ அப்போ மாத்திரை சாப்பிட்டேல்ல” என்று குற்றம் சாட்ட எந்த அறிவியலும் இடம் தரவில்லை. அப்படிச் சொல்வது கொடுமை.

இந்தப் பயத்தால் வரும் கேடு கண்ணுக்கு நேராகவே தெரியும். பாராசிட்டமாலை விட்டு டைக்ளோஃபெனாக்கைச் சாப்பிடுவது ஒன்று. காய்ச்சலை அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று. முதல் மூன்று மாதத்தில் வரும் கடுங்காய்ச்சல், கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவதில் குறை உண்டாக்கலாம். காய்ச்சலை இறக்குவது சிசுவுக்குச் செய்யும் நன்மை. மழைக்காலத்தில் டெங்கு வரும் நாட்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது: டெங்குவில் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும், பாராசிட்டமால் மட்டுமே கொடுக்கலாம். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் ஒரு நாளில் இறங்காவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போவதே முறை.

பாதுகாப்பான மாத்திரையானாலும் அதைப் போட்டு அடக்கிவிடக்கூடாத வலிகள் உண்டு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது பூச்சி பறப்பது போன்ற தோற்றம், முகமும் கையும் வீங்குவது, மேல்வயிற்றில் வலி ஆகியவை ரத்தக்கொதிப்பின் அறிகுறிகள். அளவு 140/90ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும்; மாத்திரை போட்டுத் தூங்கினால் விழிக்கும்போது வலிப்பு வந்திருக்கலாம். காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே முதுகுவலியும் சிறுநீர் எரிச்சலும் இருந்தால் சிறுநீரகத் தொற்று. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் ரத்தக் கட்டி இருக்கலாம். இடுப்பு வலி விட்டு விட்டு, ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது வலியெடுப்பதாகவும் இருக்கலாம். ‘சூட்டு வலிதான்’ என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கும் பழக்கம் செட்டிநாட்டிலும் உண்டு. சீரகத் தண்ணீரால் கெடுதி இல்லை. ஒன்பது மாதம் நிறையாதவளுக்கு வலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தாலும், ரத்தமோ நீரோ கண்டாலும் காத்திருப்பதுதான் கெடுதி.

தைலங்களைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 1893இல் நாகேஸ்வர ராவ் பந்துலு தொடங்கிய அமிர்தாஞ்சன், கடல் கடந்து போய் வந்தவர்கள் செட்டிநாட்டு வீடுகளுக்குக் கொண்டுவந்து பழக்கிய கோடாலித் தைலம் போன்றவற்றில் கற்பூரம், மென்தால், மீத்தைல் சாலிசிலேட் ஆகியவற்றின் கலவைகள் உண்டு. நெற்றியிலோ மூக்கருகிலோ ஒரு துளி தடவுவதால் தீங்கில்லை. மீத்தைல் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுக்காரன் என்பதால், முதுகு முழுக்க நாள்தோறும் பூசித் துணிகட்டிப் படுப்பது வேண்டாம். வலி நீக்கும் ஜெல்களில் கூடுதல் கவனம் தேவை. வோலினியில் டைக்ளோஃபெனாக் இருக்கிறது. தோல் வழியே உள்ளே போவது குறைவுதான். ஆனாலும் கடைசி மூன்று மாதங்களில் தவிர்க்க வேண்டும், அதற்கு முன்பும் கேட்காமல் பூச வேண்டாம். நாட்டு மருந்து என்பதால் மட்டும் ஒரு சூரணமோ லேகியமோ பாதுகாப்பாகிவிடாது. குழம்பிலும் காபியிலும் சேரும் அளவு சுக்கு வேறு, பெயர் தெரியாத பொடி வேறு.

மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. வெந்நீர்ப் பையால் இடுப்புக்கு ஒத்தடம், கொதிக்கும் சூட்டில் இல்லாமல். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. நல்லெண்ணெய் தேய்த்து முதுகை மெல்ல நீவிவிடுதல், வயிற்றைத் தொடாமல். ஆயாவும் அப்பத்தாவும் செய்துவந்த இந்தக் கைவைத்தியங்களை இன்றைய மருத்துவரும் மறுப்பதில்லை. பல்வலிக்கு மாத்திரை தின்றே ஒன்பது மாதத்தை ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் தவறு. கர்ப்பத்தில் பல் மருத்துவம் செய்துகொள்ளலாம், மரத்துப்போகும் ஊசியும் போடலாம். நடு மூன்று மாதம் அதற்கு வசதியான காலம்.

கேட்பதற்கு ஆள் இல்லை என்ற நிலை தமிழ்நாட்டில் இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கித் தருவதும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவதும் கிராம சுகாதாரச் செவிலியர்தான். பணம் எப்போது வரும் என்று அவரிடம் கேட்கும் அக்கறையோடு, “அக்கா, இந்த மாத்திரை சாப்பிடலாமா” என்று அட்டையைக் காட்டிக் கேட்பதும் சேர வேண்டும். 104 என்ற எண்ணில் எந்த நேரமும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்றே பரிசோதனை நாள் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் பாராசிட்டமால் இலவசம். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் மலிவாகக் கிடைக்கும் ஜெனரிக் மாத்திரைகளில் இன்னொரு நன்மையும் உண்டு: அட்டையில் கம்பெனிப் பெயரைவிட மருந்தின் பெயரே முன்னால் தெரியும்.

பிள்ளை பிறந்ததும் விதி தலைகீழாக மாறுகிறது. ஒன்பது மாதம் விலக்கி வைத்த இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே கலப்பதால், பால் கொடுக்கும் தாய்க்கு அவற்றை மருத்துவர்கள் தயங்காமல் எழுதுகிறார்கள். சிசேரியன் ஆனவளுக்கு முதல் சில நாட்கள் அவை மிகவும் தேவை. வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தால் குழந்தையை எடுத்துப் பால் கொடுக்கவே முடியாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. வலிக்கான அளவில் ஆஸ்பிரின் அப்போதும் வேண்டாம். கோடீன், டிரமடால் இரண்டும் பாலின் வழியே குழந்தையை மயக்கி மூச்சைக் குறைக்கக்கூடும் என்று 2017இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அது பொருந்தும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது பையில் மிஞ்சிய மாத்திரை அட்டைகள் அலமாரியில் தங்கிவிடுவது வழக்கம். அடுத்த வருடம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இன்னொருத்தி மாசமாகி, ‘எனக்கு ஆஸ்பத்திரியிலேயே குடுத்ததுதான்’ என்று அவள் கைக்கு அந்த அட்டை போகும்போது, அது மறுபடியும் கர்ப்பிணிக்கு ஆகாத மருந்து.